பட்டினி நோன்பாகாது



வகுப்பறையில் ஒரு பிள்ளை பசியால் மயங்கி விழுந்தால் பெற்றோரைக் கண்டிக்கிறோம். அதே பிள்ளை அதே பசியுடன் விளையாட்டுத் திடலைச் சுற்றி ஓடினால் 'என்ன கட்டுப்பாடு!' என்று வியக்கிறோம். நம் சமுதாயத்துப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், ஓட்டத்திலும் குத்துச்சண்டையிலும் பளுதூக்குதலிலும் கபடியிலும் இறங்கத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. அந்த மகிழ்ச்சியின் பின்னாலேயே ஒரு கேடும் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. மெலிவே வெற்றியின் வழி என்று பயிற்சியாளர் சொல்கிறார். குறைவாக உண்பதே சுன்னத் என்று நாம் அதற்கு மார்க்கத்தின் முத்திரையைக் குத்துகிறோம். அந்த முத்திரையைக் குத்தும் உரிமை நமக்கு இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் உடலின் கணக்கைப் பார்ப்போம். ஒரு நாளில் நாம் உண்ணும் ஆற்றலில் பயிற்சி தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்கிறது. எஞ்சியதைக் கொண்டுதான் இதயம் துடிக்க வேண்டும்; எலும்பு தன்னைப் புதுப்பிக்க வேண்டும்; இரத்தம் ஊற வேண்டும்; நோயெதிர்ப்பு இயங்க வேண்டும்; வளரும் பிள்ளையாயின் வளரவும் வேண்டும். ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கொழுப்பை நீக்கிய உடல் எடை அவளுக்கு 40 கிலோ என்று கொள்வோம். கொழுப்பு நீங்கிய எடையில் கிலோ ஒன்றுக்கு 45 கலோரி, பயிற்சியின் செலவு போக மிஞ்சியிருப்பது நலம் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. அதாவது 1,800 கலோரி. பயிற்சியில் 600 கலோரி செலவானால் அவள் 2,400 கலோரி உண்ண வேண்டும். அவளோ காலையில் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும், நண்பகலில் சிறிது சோறும், இரவில் இரண்டு சப்பாத்தியுமாக 1,600 கலோரியோடு நிறுத்திக்கொள்கிறாள். பயிற்சியின் பங்கு போக மிஞ்சுவது 1,000 கலோரி, கிலோவுக்கு 25. இந்த அளவு 30க்குக் கீழே இறங்கினால், இனப்பெருக்கச் சுரப்புகளை இயக்கும் மூளையின் துடிப்பு ஐந்தே நாள்களில் சீர்குலைவதை 2003இல் வெளியான ஆய்வொன்று பெண்களிடம் அளந்து காட்டியது. இந்த 30 என்பது எல்லாருக்கும் பொதுவான கோடு அன்று. சிலருக்கு அதற்கு முன்பே கேடு தொடங்கும், சிலர் சற்றுத் தாங்குவர். ஆயினும் திசை ஒன்றே.

இதற்குப் பெயர் புதிது; நோய் பழையது. 1990களில் மருத்துவர்கள் இதைப் பெண்களிடம் மட்டுமே கண்டு, உணவுக் குறைவு, மாதவிடாய் நிற்றல், எலும்பு மெலிதல் என மூன்றாகச் சேர்த்துப் பேசினர். 2014இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் வல்லுநர்கள் இது ஆண்களையும் தாக்கும், உடலின் ஏறத்தாழ எல்லா உறுப்பையும் தொடும் என்று கூறி, விளையாட்டில் ஏற்படும் சார்பு ஆற்றல் பற்றாக்குறை என்று பெயரிட்டனர், சுருக்கமாக 'ரெட்-எஸ்'. 2018இலும் 2023இலும் அவ்வறிக்கையைப் புதுப்பித்தனர். எலும்பில் மயிரிழை விரிசல், மாறாத சோர்வு, அடிக்கடி சளியும் காய்ச்சலும், மலச்சிக்கல், குளிர் தாங்காமை, உறக்கக் கேடு, எரிச்சல், மனச்சோர்வு, ஆண்களிடம் டெஸ்டோஸ்டிரோன் குறைதல் என்று அதன் அடையாளங்கள் நீள்கின்றன.

இதில் நம் கண்ணை ஏமாற்றும் ஒன்று உண்டு. ஆற்றல் போதாத உடல் எப்போதும் மெலிந்துகொண்டே இராது. வருமானம் குறைந்த வீட்டில் விளக்கை அணைப்பதுபோல் அது தன் செலவுகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிடும். தைராய்டுச் சுரப்பு குறையும், நாடித் துடிப்பு தாழும், மாதவிடாய் நிற்கும். எடைப்பலகையோ அதே எண்ணைக் காட்டும். 'எடை குறையவில்லையே, பிறகென்ன?' என்று கேட்கும் தந்தைக்கு இதுவே விடை.

தொடக்கத்தில் ஓட்டம் கூடவே செய்யும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எடை குறைந்தவன் சில வாரங்களோ சில மாதங்களோ முன்னைவிட விரைவாக ஓடுவான். பயிற்சியாளர் இதையே சான்றாகக் காட்டுவார். பிறகு தசையில் சேமிப்பு குறையும், பயிற்சியால் கிடைக்க வேண்டிய பலன் கிடைக்காது, காயம் ஆறாது, கவனம் சிதறும், நேரம் பின்னோக்கிச் செல்லும். அப்போது அதே பயிற்சியாளர் 'இன்னும் இரண்டு கிலோ குறை' என்பார். கடன்பட்டவனுக்கு மேலும் கடன் கொடுப்பதும் இதுவும் ஒன்றே.

அமெரிக்க ஓட்ட வீராங்கனை மேரி கேயினின் வரலாறு உலகறிந்தது. 2013இல், தம் 17ஆம் வயதில், மாஸ்கோ உலகத் தடகளப் போட்டியின் 1,500 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடியவர் அவர். ஒரு தலைமுறைக்கு ஒருமுறை தோன்றும் திறன் என்று அவரைப் போற்றினர். புகழ்பெற்ற காலணி நிறுவனம் ஒன்றின் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். 2019 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வாயிலாக அவர் பேசியபோது உலகம் திடுக்கிட்டது. மெலிய வேண்டும், மேலும் மெலிய வேண்டும் என்று வலியுறுத்தப்பட்டதாகவும், பிறர் முன்னிலையில் எடை பார்க்கப்பட்டு அவமதிக்கப்பட்டதாகவும், மூன்று ஆண்டுகள் மாதவிடாய் நின்றுபோனதாகவும், ஐந்து எலும்புகள் முறிந்ததாகவும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றியதாகவும் அவர் கூறினார். பயிற்சியாளர் அக்குற்றச்சாட்டுகளை மறுத்தார். பின்னர் தொடரப்பட்ட வழக்கு 2023இல் உடன்பாட்டில் முடிந்தது. யார் என்ன சொன்னார் என்பதை விடுங்கள். பதினேழு வயதில் உலக இறுதிச் சுற்றில் ஓடிய பெண் அதன்பின் அந்த உயரத்தை ஒருபோதும் எட்டவில்லை. மெலிவு தருவதாகச் சொன்ன வெற்றி எங்கே?

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்பவர் தம் வீட்டுக்குள் பார்க்கட்டும். முஸ்லிம் வீடுகளில் இந்நோயைக் கண்டறிய மருத்துவமனைக்கும் முந்திய ஒரு பதிவேடு இருக்கிறது. அதுதான் களா நோன்பின் கணக்கு. வயதுக்கு வந்த பெண் ரமளானில் சில நாள்கள் நோன்பை விடுகிறாள். பின்னர் அவற்றைக் களாச் செய்கிறாள். வீட்டிலுள்ள தாய் இதை அறிவாள். அறியாமல் இருக்க முடியாது. அப்படியிருக்க, திடலுக்குச் சென்று பயிற்சி பெறும் மகள் முப்பது நோன்பையும் தொடர்ந்து நோற்றால் என்ன நடக்கிறது? 'எங்கள் பெண் ஒரு நோன்புகூட விடவில்லை' என்று உறவினரிடம் பெருமை பேசப்படுகிறது. அந்த மாதம் சுழற்சி தற்செயலாகத் தள்ளிப்போயிருக்கலாம், அது இயல்பே. ஆனால் சென்ற ரமளானுக்கும் களா இல்லை, இடையில் தொழுகை விட்ட நாளும் இல்லை என்றால், அந்தத் தாய் பெருமைப்படுவதற்கு முன் அஞ்ச வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால், அல்லது 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டால், மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பது மருத்துவ வழக்கு. விளையாட்டு வீராங்கனைக்கு மாதவிடாய் நிற்பது இயல்புதான், பயிற்சி கடுமையாக இருப்பதன் அடையாளம்தான் என்று சொல்லும் பயிற்சியாளர் உண்மைக்குப் புறம்பாகப் பேசுகிறார். பயிற்சி மட்டும் அதை நிறுத்துவதில்லை. பயிற்சிக்கு ஈடான உணவு இல்லாமையே பெரும்பாலும் நிறுத்துகிறது.

மாதவிடாயோடு எஸ்ட்ரோஜன் குறைகிறது. எஸ்ட்ரோஜனோடு எலும்பின் அடர்த்தி குறைகிறது. மனிதன் வாழ்நாள் முழுவதும் செலவிடப்போகும் எலும்பின் மிகப் பெரும் பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. பதினைந்து வயதில் இழந்ததை முப்பதில் முழுமையாக மீட்க முடிவதில்லை. சில மருத்துவர்கள் சுரப்பு மாத்திரை எழுதிக்கொடுப்பர், இரத்தப்போக்கு திரும்பும், வீட்டார் நிம்மதியடைவர். அந்த இரத்தப்போக்கு மாத்திரையின் வேலை. எலும்பு அதனால் மீண்டுவிட்டது என்று பொருளன்று. உணவே அங்கு மருந்து.

ஏன் இவை பேசப்படுவதில்லை? வெட்கம். பயிற்சியாளர் பெரும்பாலும் ஆண். தந்தையிடம் சொல்ல நா எழாது. தாயோ, இதைச் சொன்னால் விளையாட்டையே நிறுத்திவிடுவார்கள் என்று மகள் அஞ்சுவதை உணர்வதில்லை. ஆனால் வெட்கம் நமக்கு எங்கிருந்து வழிமறித்தது? மார்க்கத்தை அறிந்துகொள்வதற்கு நாணம் தடையாக இருக்கவில்லை என்று அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) புகழ்ந்தார்கள். உம்மு சுலைம் (ரலி) குளிப்புக் கடமையாவது பற்றி நபி (ஸல்) அவர்களிடம் நேரில் கேட்டார்கள். அந்தச் சமுதாயத்தின் வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம், மகளின் மாதவிடாய் நின்றுபோனதைக் கேட்கக் கூசுகிறோம்.

இனி, பசிக்கு மார்க்க முத்திரை குத்துவோரிடம் வருகிறேன். அவர்கள் கையில் எடுக்கும் முதல் ஆதாரம் வயிற்றை மூன்றாகப் பகுக்கச் சொல்லும் நபிமொழி. திர்மிதியில் பதிவாகியுள்ள அதன் தொடக்கத்தை அவர்கள் சொல்வதில்லை. வயிற்றைப் புடைக்க நிரப்புவதைக் கண்டிக்கும் அந்நபிமொழி, மனிதனுக்குப் போதுமான உணவின் அளவாகக் குறிப்பிடுவது அவனுடைய முதுகெலும்பை நிமிர்த்தி வைக்கும் கவளங்களை. அளவுகோல் முதுகெலும்பு நிமிர்ந்திருப்பதே. எலும்பில் விரிசல் விழுந்து கட்டுடன் கிடக்கும் பெண்ணின் உணவு அந்த அளவை எட்டியதா? மேலும், மூன்றில் ஒரு பங்கு என்பது ஒரு வேளையில் வயிற்றுக்குள் செல்லும் கொள்ளளவைப் பற்றியது. ஒரு நாளைக்கு எத்தனை வேளை உண்ணலாம் என்று அது வரம்பிடவில்லை. கடும் பயிற்சி பெறுபவர் வயிற்றில் மூன்றிலொரு பங்கை மட்டும் நிரப்பி, நாளைக்கு ஐந்து முறை உண்ணலாம். சுன்னத்தும் நிறைவேறும், எலும்பும் பிழைக்கும்.

இரண்டாவது, 'பசி நஃப்ஸை அடக்கும்' என்னும் பொதுப் பேச்சு. அடக்கும்தான். ஆனால் அதற்கு வரம்பு கட்டியவர்கள் நபி (ஸல்) அவர்களே. நாள்தோறும் நோன்பு நோற்று இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் விருந்தினருக்கும் உரிமை உண்டு என்று கூறி, நோன்பைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவரோ தமக்கு வலிமை உண்டு என்று மேலும் மேலும் கேட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் நோற்கும் தாவூத் நபியின் நோன்புக்கு மேல் இல்லை என்று பேச்சு முடிந்தது. முதுமை வந்தபோது, அன்று கொடுக்கப்பட்ட சலுகையை ஏற்றுக்கொண்டிருக்கலாமே என்று அவர் ஏங்கினார் என்பதும் அதே அறிவிப்பில் உண்டு. இளமையில் 'என்னால் முடியும்' என்று சொன்ன உடல் முதுமையில் என்ன சொல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? இரவும் பகலுமாக இடைவிடாது தொடரும் விஸால் நோன்பையும் நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குத் தடுத்தார்கள்.

இன்னொரு நிகழ்ச்சி இவ்விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்துகிறது. வெயிலில் நின்றுகொண்டிருந்த ஒருவரைக் கண்டு நபி (ஸல்) விசாரித்தார்கள். அவர் பெயர் அபூ இஸ்ராயீல். உட்காரமாட்டேன், நிழலுக்கு ஒதுங்கமாட்டேன், பேசமாட்டேன், நோன்பு நோற்பேன் என்று நேர்ச்சை செய்திருந்தார். பேசவும் நிழலில் ஒதுங்கவும் உட்காரவும் கட்டளையிட்ட நபியவர்கள், நோன்பை மட்டும் முழுமையாக்கச் சொன்னார்கள். புகாரியில் இடம்பெறும் இச்செய்தியில் வணக்கமும் வதையும் தனித்தனியே பிரிக்கப்பட்டுள்ளன. வணக்கம் நின்றது, வதை தள்ளப்பட்டது. நம்முடைய பேச்சாளர்கள் அவ்விரண்டையும் மீண்டும் ஒட்டவைக்கிறார்கள்.

வதை என்றேன், ஆண்பிள்ளைகளின் திடலுக்குச் சென்றால் அச்சொல் மிகையன்று என்பது விளங்கும். எடைப் பிரிவுள்ள ஆட்டங்களில் போட்டிக்கு முந்திய நாள்களில் நடப்பதை அறிந்தவர் அறிவர். உணவு நிறுத்தம், தண்ணீர் நிறுத்தம், நெகிழி உடையணிந்து ஓட்டம், நீராவி அறை, வாயிலுள்ள எச்சிலையும் துப்பித் தீர்த்தல். நம் இளைஞர்களின் கைப்பேசிகளில் வீரத்தின் உருவாகத் திகழும் தாகெஸ்தான் வீரர் கபீப் நூர்மகமதோவ், 2017 மார்ச்சில் லாஸ் வேகாஸில் சுமார் 70 கிலோ எடைக்கு இறங்க முயன்றபோது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பட்டத்துக்கான அந்தப் போட்டியே கைவிடப்பட்டது. அவர் வென்ற காட்சிகளைப் பகிரும் பிள்ளைகளில் எத்தனை பேர் இதை அறிவர்? 1997இல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர் மூவர், ஐந்து வாரங்களுக்குள் அடுத்தடுத்து, எடை குறைக்கும் முயற்சியிலேயே உயிரிழந்தனர். அதன் பிறகே அங்கு விதிகள் மாறின.

2024 ஆகஸ்டில் பாரிஸில் வினேஷ் போகட் 100 கிராம் கூடுதல் எடைக்காகத் தகுதி இழந்தபோது நாடே அழுதது. 53 கிலோ பிரிவில் ஆடிவந்தவர், அப்பிரிவில் இந்தியாவுக்கான இடம் வேறொருவரால் உறுதியானபின் 50 கிலோவுக்கு இறங்கினார். ஒரே நாளில் மூன்று பந்தயங்களை வென்றார். அன்றிரவு முழுவதும் உணவும் நீருமின்றி, பயிற்சியும் வியர்வையுமாகக் கழிந்தது, தலைமுடியும் வெட்டப்பட்டது. மறுநாள் நீரிழப்புக்காகச் சிகிச்சை பெற்றார். எல்லாரும் அந்த 100 கிராமைப் பற்றியே பேசினர். சதி என்றனர், விதி என்றனர். ஓர் உடலிலிருந்து இரவோடிரவாக இரண்டு கிலோவுக்கு மேல் பிழிந்தெடுக்க முயல்வதை ஒரு விளையாட்டின் இயல்பான நடைமுறையாக ஏற்றுக்கொண்டிருக்கிறோமே, அதைப் பற்றிப் பேசியவர் சிலரே. அந்த 100 கிராமும் கரைந்திருந்தால் நாம் கைதட்டியிருப்போம்.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பிலிருந்து ஒரு கேள்வி வரும். 'அப்படியானால் ரமளான் நோன்பே விளையாட்டு வீரனுக்குக் கேடு என்கிறீர்களா?' இல்லை. அதை மறுப்பதற்கே இவ்வளவும் எழுதுகிறேன். மார்க்கம் விதித்த நோன்பின் இரு முனைகளிலும் உணவு இருக்கிறது. சஹர் உணவில் பரக்கத் உண்டு என்று சொல்லப்பட்டது. அதைப் பிற்படுத்துவதும் நோன்பு திறப்பதை முற்படுத்துவதும் சுன்னத் ஆக்கப்பட்டன. பசியை நீட்டிப்பதே நோக்கமாக இருந்திருந்தால் கட்டளை தலைகீழாக இருந்திருக்கும். தமிழ்நாட்டில் நோன்பின் நேரம் 13 முதல் 14 மணி வரை. எஞ்சிய பத்து மணி நேரத்தில் ஒரு நாளுக்கு வேண்டிய ஆற்றலை உண்டுவிட முடியும்; மனம் வைத்தால்.

மனம் வைப்பதில்லை என்பதே நம் குறை. பள்ளிவாசலில் கிடைக்கும் நோன்புக் கஞ்சி நம் ஊர்களின் அருமையான மரபு. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால், வாய்த்தால் கறியும் சேர்ந்த அது சோர்ந்த உடலுக்கு ஏற்ற முதல் உணவு. முதல் உணவு மட்டுமே. ஒரு கிண்ணம் கஞ்சி, இரண்டு வடை, ஒரு சமோசா, ரோஸ் சர்பத்து, பின் தராவீஹ், பின் பசியில்லை என்று படுக்கை, சஹரில் எழச் சோம்பி ஒரு குவளை தண்ணீர். ஓடுகிற பிள்ளைக்கு இது ரமளான் அட்டவணை ஆகாது. தராவீஹுக்குப் பிறகு சோறும் மீனும் கறியும் பருப்புமாக ஒரு முழு வேளை உணவு வேண்டும். சஹரில் முட்டையும் பாலும் பழமும், வயிற்றில் நின்று கரையும் உணவும் வேண்டும். கடும் பயிற்சியை நோன்பு திறந்தபின் வைக்க வேண்டும். உறக்கத்துக்குப் பகலில் இடம் ஒதுக்க வேண்டும். பயிற்சியாளர் முஸ்லிம் அல்லாதவராயினும் அவரிடம் சென்று பேசி அட்டவணையை மாற்றக் கேட்பது பெற்றோர் கடமை. கேட்டால் மறுப்பவர் குறைவு, கேட்பவரே இல்லை.

ஹக்கீம் ஒலாஜுவானின் கதையை ஜும்ஆ பயான்களில் கேட்டிருப்பீர்கள். 1995 பிப்ரவரியில் ரமளான் நோன்புடன் அமெரிக்கக் கூடைப்பந்துப் போட்டிகளில் ஆடி, அம்மாதத்தின் சிறந்த வீரராகத் தேர்வானவர் அவர். ஈமானின் அழகிய சான்று, மறுப்பதற்கில்லை. ஆனால் அப்போது அவருக்கு வயது 32. வளர்ச்சி முடிந்து, எலும்பு உறுதிப்பட்டு, வயிறார உண்ண வசதியுள்ள, உலகின் தலைசிறந்த உடல்களில் ஒன்று அது. அந்தக் கதையைச் சாட்டையாக்கிப் பதினான்கு வயதுப் பிள்ளையின் முதுகில் வீசுவது ஈமானைக் கற்பிப்பதாகாது. ஒலாஜுவான் நோன்பு நோற்றார். பதினோரு மாதம் பட்டினி கிடக்கவில்லை. நம் பிள்ளையின் உடலை உடைப்பது ரமளானின் 30 நாள்கள் அல்ல. ஆண்டு முழுவதும் பற்றாக்குறையில் ஓடிய உடல் ரமளானில் தள்ளாடும்போது, பழி ரமளான் மீது விழுகிறது.

ஏற்கெனவே உடைந்த உடலின் நிலை என்ன? எலும்பு விரிசலும் நின்றுபோன மாதவிடாயும் தாழ்ந்த நாடித் துடிப்புமாக மருத்துவரின் கண்காணிப்பில் இருக்கும் பிள்ளை நோயாளி. நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பைப் பிற்படுத்தும் சலுகையைக் குர்ஆனே தருகிறது. தனி ஒருவர் நிலைக்கான தீர்ப்பை ஆலிமிடமும் நம்பிக்கைக்குரிய மருத்துவரிடமும் சேர்த்துக் கேளுங்கள். ஆனால் சலுகையை ஏற்பது ஈமானின் குறைவு என்று அந்தப் பிள்ளையின் காதில் விழும்படி பேசாதீர்கள். மக்கா வெற்றிக்கான பயணத்தில், ரமளானில், மக்கள் காணும்படி நீர்ப் பாத்திரத்தை உயர்த்தி நபி (ஸல்) அருந்தினார்கள். அதன் பின்னும் சிலர் நோன்பைத் தொடர்வதாகச் செய்தி வந்தபோது அவர்களை மாறு செய்வோர் என்றார்கள். எதிரியைச் சந்திக்கும் நேரம் நெருங்கியபோது, நோன்பை விடுவதே வலிமை தரும் என்றும் கூறினார்கள். ஓட்டப் பந்தயத்தைப் போர்க்களமாக்கி இதிலிருந்து நான் சட்டம் எடுக்கவில்லை. அதற்குத் தகுதி உடையவர் வேறு. சலுகையை மறுப்பது தனிப் பெருமையாகாது என்பதே நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

'நம் சமுதாயத்தின் நோய் பிரியாணியும் சர்க்கரையும்தான். பசி அல்ல' என்று ஒரு பெரியவர் சொல்லலாம். உண்மையின் பாதி அது. நாற்பது வயதுக்காரரின் தொப்பைக்குச் சொல்ல வேண்டிய அறிவுரையை, நாள்தோறும் எட்டு கிலோமீட்டர் ஓடும் பதினைந்து வயதுப் பெண்ணின் தட்டைப் பார்த்துச் சொல்வது எந்த நீதி? விருந்து வீட்டில் அவள் இரண்டாம் முறை சோறு வாங்கினால் 'விளையாடுகிற பெண்ணுக்கு இவ்வளவா?' என்று கேட்கும் மாமிமார்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. விளையாடுகிற பெண்ணுக்குத்தான் அவ்வளவு. அந்த ஒற்றை வாக்கியம் ஒரு மாத உணவைக் குறைத்துவிடும் வலிமையுடையது. இந்நேரத்தில் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. புரதப் பொடியில் கலந்துள்ள ஜெலட்டின் ஹலாலா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி, கேட்க வேண்டும். ஆனால் நாள் முழுவதும் உண்டது போதுமா என்ற கேள்வி அதற்கு முன்னால் வர வேண்டியது. பொடி ஒரு கரண்டி. பற்றாக்குறையோ ஒரு முழு வேளைச் சோறு.

ஏழ்மையால் உண்ணாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஊட்டச்சத்து அறிவுரை பேசுவது கேலிக்கூத்து. ஜமாஅத் நிர்வாகங்கள் வெற்றி பெற்ற பிள்ளைக்குப் பொன்னாடையும் கேடயமும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கின்றன. கேடயத்தை உண்ண முடியாது. பைத்துல்மால் வழியாக அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு மாதந்தோறும் முட்டையும் பாலும் பருப்பும் நிலக்கடலையும் போய்ச்சேர ஏற்பாடு செய்யுங்கள்.

பெற்றோருக்கு: பிள்ளையை ஒரு பயிற்சியகத்தில் சேர்ப்பதற்கு முன், கட்டணம் கேட்பதுபோல் சிலவற்றையும் கேளுங்கள். எடையை யார் பார்க்கிறார், எல்லார் முன்னிலையிலா? எடை குறைக்கச் சொல்லும் முடிவை எடுப்பவர் மருத்துவரா, பயிற்சியாளரா? வளரும் வயதுப் பிள்ளையைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிப் பதக்கம் தேடும் வழக்கம் அங்கே உண்டா? பெண்பிள்ளைகள் தம் மாதவிடாய் பற்றிச் சொல்ல ஒரு பெண் பொறுப்பாளர் இருக்கிறாரா? விடை மழுப்பலாக இருந்தால் வேறு பயிற்சியகம் தேடுங்கள். ஏற்கெனவே சேர்த்துவிட்டவர்கள் இன்றிரவு மகளுடன் அமர்ந்து, சென்ற ரமளானில் எத்தனை நோன்பு களா என்று கேளுங்கள்.